விண்டோஸ் 11-ல் லைட்ரூம்: ரேமைக் குறை சொல்லும் முன் டிரைவரைப் பாருங்கள்

ராமேஸ்வரம் பக்கத்துத் தங்கச்சிமடத்தில் ஸ்டூடியோ வைத்திருக்கும் தம்பி, படம் திருத்தும் லைட்ரூம் பற்றிக் கேட்டது: “அண்ணே, விண்டோஸ் 11 போட்டதுலேர்ந்து லைட்ரூம் இழுக்குது. ரேம் ஏத்தணுமா?”

வேண்டாம் தம்பி. எனக்குக் கல்யாண ஆல்பம், அவுட்டோர் எல்லாம் ஒரு வருஷத்துக்கு மேல் விண்டோஸ் 11-ல்தான் ஓடுகிறது. லைட்ரூம் அதே லைட்ரூம்தான். கோளாறு பெரும்பாலும் கிராபிக்ஸ் டிரைவரில், அதாவது கிராபிக்ஸ் கார்டை இயக்கும் மென்பொருளில்.

அப்கிரேடு முடிந்ததும் விண்டோஸ் அப்டேட் தன்னிடம் உள்ள டிரைவரைப் போட்டுவிடும். பல நேரம் அது நீங்கள் வைத்திருந்ததைவிடப் பழசு. டிவைஸ் மேனேஜரில் டிஸ்ப்ளே அடாப்டர்ஸ் திறந்து பாருங்கள். கார்டின் பெயருக்குப் பதில் ‘மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்’ என்று இருந்தால், கார்டு சும்மா உட்கார்ந்திருக்கிறது, மொத்தச் சுமையும் பிராசஸர் தலையில். தனுஷ்கோடி விடியல் படத்தில் கடல்மூட்டத்தைக் குறைக்க டீஹேஸ் ஸ்லைடரை நகர்த்தினால், கை நகர்ந்து கொஞ்ச நேரம் கழித்துத்தான் படம் மாறும். படத்தின் புள்ளிகளை நீக்கும் டீநாய்ஸ் கொடுத்தால் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம்.

சரிசெய்வது இப்படி. என்விடியா கார்டு என்றால் அவர்கள் தளத்திலிருந்து ஸ்டூடியோ டிரைவரை இறக்கி, கஸ்டம் இன்ஸ்டாலில் ‘க்ளீன் இன்ஸ்டலேஷன்’ டிக் செய்யுங்கள். ரீஸ்டார்ட் செய்து, லைட்ரூம் ப்ரிஃபரன்ஸஸில் பெர்ஃபார்மன்ஸ் பக்கம் போய், கிராபிக்ஸ் பிராசஸர் ‘ஆஃப்’ ஆகியிருந்தால் ‘ஆட்டோ’வுக்கு மாற்றுங்கள். கேமரா ரா கேஷ் (தற்காலிகச் சேமிப்பு) 5 ஜிபி என்றே இருந்தால் 20 ஆக்குங்கள். அப்புறம் விண்டோஸ் தானாக டிரைவர் போடாமலிருக்க, கன்ட்ரோல் பேனலில் ‘டிவைஸ் இன்ஸ்டலேஷன் செட்டிங்ஸ்’ என்று தேடி ‘நோ’ கொடுங்கள். இல்லையென்றால் அடுத்த அப்டேட்டில் மறுபடி முதலிலிருந்து.

எனக்கு ஆத்திரம் வருவது வேகத்தால் அல்ல, நிறத்தால். டிரைவர் மாறும்போது மானிட்டரின் நிறத்தைச் சரிசெய்து வைத்த காலிப்ரேஷனும் போய்விடலாம், ஒரு எச்சரிக்கைகூட வராது. தனுஷ்கோடியின் நுனியான அரிச்சல்முனையில் ஒரே ஃபிரேமில் பெண்கடலும் (வங்கக்கடல்) ஆண்கடலும் (இந்தியப் பெருங்கடல்) விழும். ஒரு பக்கம் பச்சை கலந்த வெளிர்நீலம், இன்னொரு பக்கம் அடர்நீலம். திரையின் நிறக் குறிப்பான ஐசிசி ப்ரொஃபைல் கழன்றால், அந்தத் திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். நீங்கள் நீலப்பச்சையைக் கூட்டும் அக்வா ஸ்லைடரை ஏற்றுவீர்கள், பிரஸ்ஸிலிருந்து ஆல்பம் வரும்போது கடல் பெயின்ட் அடித்த மாதிரி இருக்கும், பொண்ணு பட்டுப்புடவையின் மயில்கழுத்து நிறம் காணாமல் போயிருக்கும். அந்தப் புடவையை அந்தக் குடும்பம் எத்தனை கடை ஏறி எடுத்திருக்கும்! விண்டோஸின் கலர் மேனேஜ்மென்ட் திறந்து, உங்கள் ப்ரொஃபைல் டிஃபால்ட்டாக இருக்கிறதா, அட்வான்ஸ்டு பகுதியில் ‘யூஸ் விண்டோஸ் டிஸ்ப்ளே காலிப்ரேஷன்’ டிக் ஆகியிருக்கிறதா என்று பார்க்காமல் ஒரு படத்தையும் தொடாதீர்கள். திரை நிறம் அளக்கும் காலிப்ரேட்டரின் சொந்த லோடர் (ப்ரொஃபைலை ஏற்றும் மென்பொருள்) ஓடினால் மட்டும் அந்த டிக் தேவையில்லை.

சின்னத் தொல்லைகள் இரண்டு. ஒன்டிரைவ் பேக்கப்புக்கு ‘சரி’ சொன்னால் பிக்சர்ஸ் ஃபோல்டரின் இருப்பிடமே மாறும். லைட்ரூமின் கேட்டலாக் (படங்களின் பதிவேடு) வழக்கமாக அங்கேதான் இருக்கும், அங்கே வைத்த படங்களின் மேல் ஆச்சரியக்குறி விழும். கேட்டலாக்கையும் படங்களையும் முன்பே வேறு டிரைவுக்கு மாற்றுங்கள். அடுத்தது, பழைய சிஸ்டம் ‘விண்டோஸ்.ஓல்டு’ என்று பத்து நாள் சி டிரைவில் கிடக்கும். போட்டோஷாப் ‘ஸ்க்ராட்ச் டிஸ்க் ஃபுல்’ (தற்காலிக இடம் நிறைந்தது) என்று கத்தினால் காரணம் அதுவாக இருக்கலாம். ஆனால் அவசரப்பட்டு அழிக்காதீர்கள், பழைய சிஸ்டத்துக்குச் சுலபமாகத் திரும்பிப் போக வழி அதுதான்.

நியாயமாகச் சொல்ல வேண்டியதும் உண்டு. இன்டெல் 12-ஆம் தலைமுறையும் அதற்கு மேலும் என்றால், பெரிய கோர், சின்னக் கோர் இரண்டுக்கும் வேலை பிரிப்பதில் விண்டோஸ் 11, விண்டோஸ் 10-ஐவிடக் கெட்டி. ஒரு பக்கம் எக்ஸ்போர்ட் ஓட, மறுபக்கம் அடுத்த கல்யாணப் படங்களைக் கழிக்கலாம், இழுக்காது. இந்த ஒன்றுக்காகவே மாறலாம் என்று தோன்றும்.

இருந்தாலும் இன்னும் மாறாதவர்கள், கையில் பிரஸ்ஸுக்குப் போகாத ஆல்பம் ஒன்று இருந்தாலும் இப்போது அப்கிரேடு போடாதீர்கள். விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ல் ஆதரவு முடிந்துவிட்டது, சரி. நீட்டித்த பாதுகாப்பு அப்டேட்டில் சேர்ந்தால் 2026 அக்டோபர் 13 வரை ஓட்டலாம். முகூர்த்தம் இல்லாத மாதமாகப் பார்த்து, யுபிஎஸ் பேட்டரியை ஒருமுறை சோதித்துவிட்டுப் போடுங்கள். மழைக்காலத்தில் நம் பக்கம் கரன்ட் எப்போது போகும் என்று உங்களுக்கே தெரியும்.