வெளிநாடு செல்லும் ஓட்டுநர்களுக்கான ஆங்கில வகுப்பு: ராமநாதபுரத்திலிருந்து ஒரு மதிப்பீடு

கீழக்கரை, ஏர்வாடி, பெரியபட்டினம், தேவிபட்டினம் என்று எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும் வளைகுடா நாடுகளில் வண்டி ஓட்டிப் பிழைக்கும் சிலராவது இருக்கிறார்கள். அவர்களைத் தொடர்ந்து புறப்படக் காத்திருப்போருக்காக ராமநாதபுரம் நகரிலுள்ள ஓர் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி மாலை நேரத்தில் ஆங்கில வகுப்பு நடத்துகிறது. பொதுவான பேச்சு ஆங்கிலத்தை அங்கே சொல்லித் தருவதில்லை; சாலை, வண்டி, விபத்து, காயம், மருத்துவமனை ஆகியவற்றுக்கு வேண்டிய சொற்களை மட்டுமே கற்பிக்கிறார்கள். குவைத்துக்குச் செல்லவிருக்கும் என் தம்பியுடன் நானும் அமர்ந்து அந்த வகுப்பு முழுவதையும் கேட்டேன். பல ஆண்டுகள் மருந்துக் கடையில் வேலை பார்த்தவன் என்பதால் காயம், மருத்துவம் பற்றிய பகுதியைச் சற்றுக் கூர்ந்தே கவனித்தேன். சேரலாமா என்று கேட்போருக்கு என் பதில், தாராளமாகச் சேரலாம் என்பதே. ஆனால் அங்கே கிடைக்காத சிலவற்றை நாமே தேடிக்கொள்ள வேண்டும்.

சாலைக் குறியீடுகளை விரைவாகவே முடித்துவிடுகிறார்கள். அதில் குறையில்லை, ஏனெனில் சிவப்பு விளிம்புள்ள முக்கோணம் எச்சரிக்கை, சிவப்பு வட்டம் தடை, எண்கோணம் ஸ்டாப், தலைகீழ் முக்கோணம் கிவ் வே (வழிவிடு) என்பதெல்லாம் எல்.எல்.ஆர். (பழகுநர் உரிமம்) தேர்வுக்குப் படித்தவர்களுக்குத் தெரிந்தவைதான். குவைத், சவூதி, கத்தார், அமீரகம் ஆகிய நாடுகளில் வண்டி சாலையின் வலப்பக்கம் செல்லும் என்பதையும், அங்கே ரவுண்டானாவை இடஞ்சுழியாகச் சுற்ற வேண்டும் என்பதையும் பலகையில் பொம்மைக் கார்களை நகர்த்திக் காட்டியபோதுதான் வகுப்பு விழித்துக்கொண்டது. லேன் (தடம்), ஓவர்டேக் (முந்துதல்), ரைட் ஆஃப் வே (முதலில் செல்லும் உரிமை) ஆகிய சொற்கள் அந்தப் பொம்மைக் கார்களோடு சேர்ந்தே மனத்தில் பதிந்தன.

இந்த வகுப்பின் உயிர்நாடி, அவசர அழைப்புப் பயிற்சி. ஒருவர் விபத்து நடந்த இடத்தில் நிற்பவராகவும் பயிற்றுநர் ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் இருப்பவராகவும் பேசுகிறார்கள். எந்த இடம், என்ன நடந்தது, எத்தனை பேருக்கு அடி, நினைவு இருக்கிறதா, மூச்சு வருகிறதா, யாராவது வண்டிக்குள் சிக்கியிருக்கிறார்களா என்ற வரிசையில் கேள்விகள் வருகின்றன. மாணவர் முழு வாக்கியம் அமைக்கத் திணறினால் பயிற்றுநர் அவசரப்படுத்துவதில்லை. “தம்பி, இலக்கணத்தை விடுங்க, இடத்தை முதல்ல சொல்லுங்க” என்று மட்டும் சொல்கிறார். மிகச் சரியான அறிவுரை இது, ஏனென்றால் பேச்சு நடுவில் அறுந்துபோனாலும் இடம் தெரிந்துவிட்டால் வண்டி கிளம்பிவிடும். நாம் மயக்கம் என்று ஒரே சொல்லால் சொல்லும் இரண்டு நிலைகளை அவர் பிரித்துக் காட்டியதையும் பாராட்ட வேண்டும்: தலை சுற்றுகிறவருக்கு டிஸ்ஸி, அழைத்தும் கண் திறக்காதவருக்கு அன்கான்ஷியஸ். இதை மாற்றிச் சொன்னால் கேட்பவர் நிலைமையைத் தவறாக எடைபோட்டுவிடுவார். ஸ்ப்ரெயின் (சுளுக்கு), டிஸ்லொகேஷன் (மூட்டு விலகல்), ஃப்ராக்சர் (எலும்பு முறிவு) ஆகியவற்றையும் உடலில் இடம் தொட்டுக் காட்டியே கற்பிக்கிறார்கள்.

சொல்லோடு செயலையும் சேர்த்துத் தருகிறார்கள் என்பது எனக்கு நிறைவளித்தது. ப்ளீடிங் என்ற சொல்லைச் சொன்ன கையோடு சுத்தமான துணியால் காயத்தை அழுத்திப் பிடிக்கச் சொல்கிறார்கள். அடிபட்டவருக்குத் தண்ணீர் கொடுப்பதை நம் ஊரில் புண்ணியமாக நினைக்கிறோம்; நினைவு தெளிவாக இல்லாதவருக்கு அது மூச்சுக்குழாயில் இறங்கிவிடக்கூடும் என்பதையும், அறுவை சிகிச்சை தேவைப்பட்டால் வயிற்றில் இருப்பது இடையூறாகும் என்பதையும் பொறுமையாக விளக்குகிறார்கள். கழுத்திலோ முதுகிலோ அடி என்று சந்தேகம் வந்தால், தீப்பிடிப்பது போன்ற ஆபத்து இல்லாதவரை அவரைத் தூக்கக் கூடாது என்பதையும் வலியுறுத்துகிறார்கள்.

வெளிநாடு போகாதவர்களுக்கும் இதனால் பயன் உண்டு. பாம்பன் சாலைப் பாலத்தில் ரயில் பாலத்தைப் பார்ப்பதற்காக நடுவழியில் வண்டியை நிறுத்தும் பயணிகளில் பலர் வெளிமாநிலத்தவர். அங்கே ஒரு மோதல் நடந்தால் தமிழ் மட்டும் போதாது. கிழக்குக் கடற்கரைச் சாலையில், சீமைக்கருவேல் மறைக்கும் வளைவுகளில் ஆடுகள் திடீரென்று குறுக்கிடும் இடங்களிலும் முதலில் வந்து நிற்பவர் நம் ஊர் ஓட்டுநர்தான். 2019ஆம் ஆண்டின் திருத்தத்தால் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்ந்த 134ஏ பிரிவு, அடிபட்டவருக்கு நல்லெண்ணத்தோடு உதவுபவர் மீது வழக்குப் பாயாமல் காக்கிறது. தமிழக எல்லைக்குள் விபத்தில் சிக்கியவர் எந்த ஊராராக இருந்தாலும், ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை, உரிய வரம்புக்குள், அரசு கட்டணமின்றி அளிக்கிறது. இவை இரண்டையும் வகுப்பில் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.

கையேடுதான் பெரிய ஏமாற்றம். சொற்களை அகரவரிசையில் அடுக்கி எதிரே தமிழ்ப் பொருளை மட்டும் அச்சிட்டிருக்கிறார்கள். உச்சரிப்பு தமிழில் தரப்படவில்லை. வகுப்பில் அவ்வளவு அழகாகச் சொல்லித்தந்த கேள்வி வரிசை அந்தப் புத்தகத்தில் எங்குமே இல்லை. பின்னட்டையில் சவூதியின் 997, அமீரகத்தின் 998, கத்தாரின் 999, குவைத்தின் 112 ஆகிய அவசர எண்களைப் பெரிய எழுத்தில் போட்டிருப்பது மட்டும் உருப்படியான செயல். கேட்கும் பயிற்சியும் குறைவு. அங்கே தொலைபேசியை எடுப்பவர் எகிப்தியராகவோ பிலிப்பைன்ஸ்காரராகவோ பாகிஸ்தானியராகவோ இருக்கலாம். மாணவர்கள் பழகியதோ ஒரே பயிற்றுநரின் குரலுக்கு மட்டும்.

மருந்துகளைப் பற்றி ஒரு சொல்கூட இல்லாததை என்னால் எளிதாக விட முடியவில்லை. நாம் கடையில் கேட்டு வாங்குவது கம்பெனிப் பெயரை. அந்தப் பெயர் அங்கே யாருக்கும் புரியாமல் போகலாம். பாரசிட்டமால், மெட்ஃபார்மின் என்று மருந்தின் மூலப் பெயரைச் சொன்னால் அங்குள்ள மருத்துவரும் புரிந்துகொள்வார். ஆகவே சேருபவர்கள் தங்கள் இரத்த வகை, சர்க்கரையோ இரத்த அழுத்தமோ இருந்தால் அது, பென்சிலின் போன்ற ஒவ்வாமை, அன்றாடம் உட்கொள்ளும் மருந்தின் மூலப் பெயர் ஆகியவற்றை ஆங்கிலத்தில் ஓர் அட்டையில் எழுதித் தரும்படி பயிற்றுநரையோ மருந்துக் கடைக்காரரையோ கேட்டு, ஓட்டுநர் உரிமத்தோடு வைத்துக்கொள்ளுங்கள். வலிக்கும் இருமலுக்கும் இங்கே எழுதித்தரும் டிரமடால், கோடீன் கலந்த மருந்துகள் அமீரகம் போன்ற நாடுகளில் கட்டுப்படுத்தப்பட்டவை. முன் அனுமதி இல்லாமல் அவற்றைப் பெட்டியில் வைத்துக் கொண்டுபோய்விடாதீர்கள்.