பள்ளிக்கரணை சதுப்புநிலப் பூங்கா: காலையில் கதவு திறந்ததும் போய்விடுங்கள்

"குப்பைமேட்டுப் பக்கத்தில் பூங்காவா?" என்று என் நாத்தனார் கேட்டாள். நியாயமான கேள்விதான். பெருங்குடிக் கிடங்கு இந்தச் சதுப்பின் மேல்தான் வளர்ந்தது. காற்று திசை மாறினால் மூக்கு சொல்லிவிடும். இருந்தாலும் போங்கள் என்பேன்.

2021-இல் திறந்த பூங்கா. நடைபாதை நன்றாக இருக்கிறது, அதைப் பற்றி வேறொன்றும் சொல்வதற்கில்லை. வேலிக்கு அப்பால் கிடக்கும் தண்ணீருக்காகத்தான் வர வேண்டும். சம்புப் புல்லுக்குள்ளிருந்து நீலத் தாழைக்கோழி சிவந்த அலகோடு வெளியே வரும். நெற்றியில் வெள்ளை நாமம் போட்ட நாமக்கோழிகள் கூட்டமாக நீந்தும். கூழைக்கடா தலைக்கு மேலேயே சுற்றும். பனிக்காலத்தில் பூநாரையும் வரும். ஆனால் பைனாகுலர் இல்லாவிட்டால் அது தூரத்தில் வெளிறிய புள்ளிதான், அப்புறம் என்னைத் திட்டாதீர்கள்.

மடிப்பாக்கத்தில் குடியிருப்பதால் எனக்கு இதில் சுயநலமும் உண்டு. தென்சென்னை ஏரிகளின் உபரிநீர் இங்கே வந்து தங்கி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்கும் கோவளத்துக்கும் போகிறது. தங்க இடம் குறையக் குறைய அது எங்கள் தெருவுக்கு வரும். ஒரு காலத்தில் 5,000 ஹெக்டேருக்கு மேல் இருந்த சதுப்பு இது. 2022-இல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் ஏறியது சுமார் 1,248 ஹெக்டேர். அதைச் சுற்றி எங்கே கட்டலாம், எங்கே கூடாது என்பதில்தான் இழுபறி. அதை முடிவுசெய்யும் ஆய்வு முடியும்வரை ராம்சார் பகுதிக்குள்ளும் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள்ளும் கட்டட அனுமதி தரக் கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் 2025-இல் உத்தரவிட்டது. 'நீர்நிலை பார்த்த வீடு' என்று விளம்பரம் போடுகிறவர்களுக்கு எரிச்சலாகத்தான் இருக்கும். பார்க்க நீர்நிலை மிஞ்ச வேண்டாமா?

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல பருவம். வெயில் ஏறிவிட்டால் பறவைகளும் ஒதுங்கிவிடும், நமக்கும் மண்டை காயும். தொப்பி, தண்ணீர் கட்டாயம். ஓடி விளையாடத் துடிக்கும் சின்னப் பிள்ளைகளுக்கு இது சரிப்படாது. பத்து வயதுக்கு மேல் என்றால், கையில் ஒரு பறவைக் கையேட்டைக் கொடுத்துக் கூட்டிப் போங்கள்.

ஐந்துக்கு நாலு. வாகன இரைச்சலுக்காக ஒன்றைக் குறைத்தேன்.