சூடாக இருந்தால் ஒரு கணக்கு, ஆறினால் வேறு கணக்கு: பிலிப்பினோ பேக்கரிகள் ஓர் ஒப்பீடு

சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் பிலிப்பினோ பேக்கரி தேடுகிறவருக்கு மூன்று வழி உண்டு. ஒன்று, பேட்டைக்குள் இருக்கும் சின்னக் கடை. சென்யோரிட்டா பிரெட் என்னும் இனிப்புச் சுருள் ரொட்டிக்குப் பேர்போன ஸ்டார்பிரெட், கலிஃபோர்னியாவின் பல ஊர்களில் கிளை வைத்திருக்கும் வலேரியோஸ், அப்புறம் ஒரே குடும்பம் நடத்தும் எத்தனையோ தனிக்கடைகள் எல்லாம் இந்த வகையில் வரும். இரண்டாவது, பிலிப்பைன்ஸிலிருந்து வந்த பெரிய பிராண்டான கோல்டிலாக்ஸ். மூன்றாவது, அதே மாதிரியான இன்னொரு பிராண்ட் ரெட் ரிப்பன். மூன்றைப் பற்றியும் வாடிக்கையாளர்கள் எழுதித் தள்ளியிருக்கிறார்கள். அத்தனையும் படித்து முடித்தால் மிஞ்சுவது குழப்பம்தான். ஒரே கடையின் ஒரே ரொட்டியை ஒருவர் பஞ்சு என்கிறார், அடுத்தவர் கல் என்கிறார்.

இரண்டு பேர் சொல்வதும் உண்மையாகவே இருக்கலாம். முன்னவர் காலை ஆறரைக்கு வாங்கியிருப்பார், பின்னவர் மாலை நாலு மணிக்கு. இந்தக் கருத்துகளைக் கடைவாரியாகப் பிரித்து எடைபோடுவதைவிட நேரவாரியாகவும் பண்டவாரியாகவும் பிரித்தால் பாதிக் குழப்பம் தீரும் என்பது என் கட்சி.

முதலில், எழுதுகிறவர்கள் யார் என்று பார்த்துவிடலாம். வளைகுடாப் பகுதியின் வலேஹோ நகரை ஒட்டிய மேர் தீவில் 1854 முதல் 1996 வரை அமெரிக்கக் கடற்படையின் கப்பல் தளம் இருந்தது. 1947இல் கையெழுத்தான ராணுவத் தள ஒப்பந்தத்தின் வழியாகப் பிலிப்பைன்ஸ் குடிமக்கள் தங்கள் நாட்டிலிருந்தே அமெரிக்கக் கடற்படையில் சேர முடிந்தது. நெடுங்காலம் அவர்களுக்குக் கிடைத்தது பெரும்பாலும் அதிகாரிகளுக்குச் சமைத்துப் பரிமாறும் வேலைதான். அந்தக் குடும்பங்கள் வலேஹோவில் வேரூன்றின. 1965இல் குடியேற்றச் சட்டம் மாறியதும் செவிலியர்களும் மற்றவர்களும் திரளாக வந்தார்கள். சான் ஃபிரான்சிஸ்கோவை ஒட்டிய டேலி சிட்டியில் இன்று ஏறக்குறைய மூன்றில் ஒருவர் பிலிப்பினோ. ஆக, கருத்து எழுதுகிறவர்களில் ஊரில் தின்ற ருசியை நாக்கில் வைத்திருக்கும் பெரியவர்கள் ஒரு கூட்டம். அவர்களுடைய கலிஃபோர்னியாவில் பிறந்த பிள்ளைகள் ஒரு கூட்டம். எதேச்சையாக உள்ளே நுழைந்த அக்கம்பக்கத்தார் இன்னொரு கூட்டம். மூவரும் கையில் வைத்திருக்கும் அளவுகோல் வேறு வேறு.

பெரிய பிராண்டுகள் இவர்கள் பின்னாலேயே வந்தவை. கோல்டிலாக்ஸ் 1966 மே மாதம் மணிலாவை ஒட்டிய மக்காத்தியின் பாசோங் தாமோ தெருவில் இரண்டு சகோதரிகளும் அவர்களுடைய அண்ணியும் சேர்ந்து தொடங்கிய கேக் கடை. பத்தே ஆண்டுகளில், 1976இல், அமெரிக்காவுக்கு வந்துவிட்டது. ரெட் ரிப்பன் 1979இல் கேசோன் சிட்டியின் தீமோக் அவென்யூவில் பிறந்தது. 1984இல் கலிஃபோர்னியாவுக்கு வந்தது. 2005இல் பிலிப்பைன்ஸின் துரித உணவு நிறுவனமான ஜாலிபீ அதை வாங்கியது. அதனால்தான் சீஃபுட் சிட்டி மாதிரியான பிலிப்பினோ சூப்பர் மார்க்கெட்டுகளில் ஜாலிபீ இருக்கும் இடத்தில் பல தடவை ரெட் ரிப்பனும் பக்கத்திலேயே இருக்கிறது. இரண்டுமே அடிப்படையில் கேக் கடைகள். இதை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் பல தீர்ப்புகள் தானாகவே விளங்கும்.

பாந்தெசால்: இதில் போட்டியே இல்லை

பிலிப்பைன்ஸின் காலை உணவு ரொட்டி பாந்தெசால். மைதா, தண்ணீர், ஈஸ்ட், கொஞ்சம் சர்க்கரை, உப்பு, கொஞ்சம் கொழுப்பு, அவ்வளவுதான். பிசைந்த மாவை நீளக் கம்பாக உருட்டி, துண்டு போட்டு, ரொட்டித்தூளில் புரட்டி, வெட்டுப்பக்கம் மேலே தெரிய அடுக்கிச் சுடுவார்கள். பழைய கடைகளில் இதற்குப் 'பூகோன்' என்னும் விறகடுப்பு உண்டு. கேசோன் சிட்டியில் 1939 முதல் இருக்கும் கமூனிங் பேக்கரி அந்த அடுப்புக்காகவே பேசப்படுவது. கலிஃபோர்னியாவில் பொதுவாக எல்லாம் மின்சார அல்லது எரிவாயு அடுப்புதான். பெரியவர்கள் எழுதும் "ஊர் மாதிரி இல்லை" என்ற குறையில் ஒரு பங்கு இந்த அடுப்பைச் சேரும்.

இவ்வளவு எளிய மாவுக்கு ஆயுசு குறைவு. ரொட்டி ஆறியதுமே உள்ளே இருக்கும் மாவுச்சத்து மறுபடி இறுகத் தொடங்குகிறது. வெண்ணெயும் முட்டையும் சர்க்கரையும் நிறைய இருந்தால் அது மெதுவாக நடக்கும். பாந்தெசாலில் அவை கொஞ்சம்தான், அதனால் சில மணி நேரத்திலேயே வித்தியாசம் தெரிந்துவிடும். சின்னக் கடையின் முழு பலமும் இங்கேதான் இருக்கிறது. அடுப்பு பக்கத்திலேயே இருப்பதால் தட்டு தட்டாகச் சூடாக வருகிறது. பலவீனமும் அதுவேதான். மதியம் போனால் காலையில் சுட்டது காகிதப் பையில் உட்கார்ந்திருக்கும். நான் ஒரு கடையில், பெயர் வேண்டாம், "இப்போதுதான் எடுத்தது" என்ற உறுதிமொழியோடு ஒரு டஜன் வாங்கிக் காருக்குள் வந்து பிரித்தேன். இறுகிப்போயிருந்தது. அந்தக் கோபத்தோடு எழுதியிருந்தால் நானும் ஒரு நட்சத்திரம்தான் கொடுத்திருப்பேன்.

பாந்தெசால் பற்றி வரும் இன்னொரு வகைக் குறையைத் தாராளமாக ஒதுக்கிவிடலாம்: "மேல்தோல் மொறுமொறுப்பாக இல்லை, இனிக்கிறது." சான் ஃபிரான்சிஸ்கோ புளித்த மாவு ரொட்டியின் ஊர். பவுடின் பேக்கரி 1849 முதல் அங்கே இருக்கிறது. கடித்தால் நொறுங்கும் தோலும் புளிப்பும்தான் ரொட்டி என்று வளர்ந்தவருக்குப் பாந்தெசால் வேகாத மாதிரி தெரியும். ஆனால் காபியில் முக்கினால் உடனே உறிஞ்ச வேண்டிய ரொட்டி அது, தோல் மெலிதாக இருப்பதுதான் அதற்கு அழகு. அளவு சிறுத்துவிட்டது என்கிற புலம்பல் மட்டும் நியாயமானது. பிலிப்பைன்ஸிலும் இதே புலம்பல் உண்டு. அங்கே கோதுமை விளைவதில்லை, எல்லாம் இறக்குமதி. மாவு விலை ஏறும்போது ரொட்டியின் விலையைத் தொடாமல் உருண்டையைச் சிறிதாக்குவது பேக்கரிக்காரர்களின் பழைய உபாயம்.

வாங்கி மீந்ததை ஃபிரிட்ஜில் வைக்க வேண்டாம். அந்தக் குளிரில் ரொட்டி இன்னும் சீக்கிரம் இறுகும். ஃப்ரீசரில் வைத்து, வேண்டும்போது சூடாக்கினால் முக்கால்வாசி திரும்பி வந்துவிடும். மறுநாள் கடினமாகிவிட்டது என்று எழுதுகிறவர்களில் எத்தனை பேர் ஃபிரிட்ஜில் வைத்தார்களோ.

சென்யோரிட்டாவும் ஸ்பானிஷ் பிரெட்டும்

ஸ்பானிஷ் பிரெட் என்பது வெண்ணெய், சர்க்கரை, ரொட்டித்தூள் கலந்த பூரணத்தைத் தடவிச் சுருட்டிய ரொட்டி. ஸ்பெயினில் இதைத் தேட வேண்டாம். சென்யோரிட்டா அதன் சின்ன, இன்னும் மென்மையான வடிவம். ஸ்டார்பிரெட்டைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் இந்த ஒரு பண்டத்தைச் சுற்றித்தான். பெட்டி பெட்டியாகச் சூடாக வாங்கிப்போகிறார்கள், பலருக்கு வீடு போய்ச் சேருவதற்குள் பெட்டி பாதி காலி. நல்ல கருத்தும் கெட்ட கருத்தும் பிரிகிற இடம் இங்கேயும் சூடுதான். சூட்டில் பூரணம் உருகி மாவோடு சேர்ந்துகொள்கிறது, ஆறினால் சர்க்கரை பல்லில் தட்டுப்படுகிறது. ஆனாலும் மாவில் கொழுப்பு இருப்பதால் பாந்தெசாலைவிட நன்றாகத் தாக்குப்பிடிக்கும். பெரிய பிராண்டுகளின் ரொட்டிகளை இதற்கு எதிரே வைத்துப் பார்ப்பதில் எனக்கு அர்த்தம் தெரியவில்லை. இந்தச் சுற்று சின்னக் கடைக்கே.

என்சைமாடா: அடிதடி இங்கேதான்

ஸ்பெயினின் மயோர்க்கா தீவில் பன்றிக்கொழுப்பு தடவிச் சுருட்டிச் சுடும் பண்டம், பிலிப்பைன்ஸுக்கு வந்து முட்டையும் வெண்ணெயும் நிறைந்த மென்மையான பன்னாகி, தலையில் வெண்ணெய், சர்க்கரை, துருவிய சீஸ் எல்லாம் ஏற்றிக்கொண்டது. கிறிஸ்துமஸ் சமயத்தில் சிவப்பு மெழுகு பூசிய உருண்டையாக விற்கும் 'கேசோ தெ போலா' சீஸைப் போடுவார்கள். அந்தச் சீஸின் உப்பு இனிப்போடு மோதுவதுதான் இதன் சுவை.

இதில் இரண்டு கட்சி உண்டு. ரொட்டித்தன்மை தெரிய வேண்டும், பிய்த்தால் இழை இழையாக வர வேண்டும் என்பது ஒன்று. கேக் மாதிரி வாயில் கரைய வேண்டும் என்பது மற்றொன்று. சின்னக் கடைகளின் என்சைமாடா பொதுவாக முதல் கட்சி. விலை குறைவு, உருவம் பெரிது, மேலே வெண்ணெய்க்குப் பதில் மார்ஜரின் இருக்கவும் வாய்ப்பு உண்டு. "எண்ணெய்ப் பசை நாக்கில் ஒட்டுகிறது" என்று யாராவது எழுதியிருந்தால் அதை மட்டும் கவனமாகப் படியுங்கள், அது நேரத்தால் வரும் குறை அல்ல. பெரிய பிராண்டுகள் இரண்டாவது கட்சிப் பக்கம் சாய்கின்றன. தனித்தனியாக மூடி வைத்திருப்பதால் நாளை தின்றாலும் இன்று மாதிரியே இருக்கும். எனக்குப் பிடித்தது முதல் கட்சி. ஆனால் வீட்டுக்கு யாராவது வருகிறார்கள் என்றால் பெரிய கடையில்தான் வாங்குவேன். ஒன்று நன்றாக இருந்து மற்றொன்று காய்ந்திருக்கும் சங்கடம் அங்கே குறைவு.

ஹோபியாவும் ஊபேயும், நம் வாசகர்களுக்காகக் கொஞ்சம் கூடுதலாக

ஃபூஜியன் பகுதியிலிருந்து வந்த சீனர்கள் கொண்டுவந்தது ஹோபியா. அடுக்கடுக்கான மெல்லிய ஓட்டுக்குள் பாசிப்பயற்றுப் பூரணம். கண்ணை மூடிக்கொண்டு தின்றால் நம் சுழியன் நினைவுக்கு வரும். சைவம் சாப்பிடுகிறவர்கள் இதைப் பார்த்து ஏமாறக் கூடாது. அந்த அடுக்கு ஓடு பல கடைகளில் பன்றிக்கொழுப்பால் ஆனது. 'ஹோபியா பாபோய்' என்பதிலோ உள்ளேயே பன்றிக்கொழுப்பு, கூடவே சர்க்கரையில் பதப்படுத்திய நீர்ப்பூசணியும் இருக்கும். சின்னக் கடையில் எந்தக் கொழுப்பு என்று நேரே கேட்கலாம், சுட்டவரே பதில் சொல்வார். பெட்டியில் அடைத்து வருவதென்றால் பொருள்பட்டியலைப் படித்துக்கொள்ளலாம். இந்த விஷயத்தில் இரண்டும் ஒரே தட்டுதான்.

ஹோபியாவுக்குள் ஊபேயை வைத்துப் பரப்பியது மணிலாவின் பினோண்டோவில் 1912இல் தொடங்கிய எங் பீ டின் கடை. ஊபே வேறொன்றும் இல்லை, யாழ்ப்பாணத்தில் தேங்காய்ப்பால் விட்டுக் காய்ச்சும் ராசவள்ளிக்கிழங்குதான், தாவர இனமே ஒன்று. அதன் உண்மையான மணம் மிகவும் மெல்லியது. கண்ணைப் பறிக்கும் ஊதாவும் தூக்கலான வாசனையும் பெரும்பாலும் எசென்ஸின் வேலை. ஆகவே "ஊபே சுவை அபாரம்" என்று எழுதியிருந்தால் எதைச் சொல்கிறார் என்று யோசிக்க வேண்டும். ராசவள்ளி தின்று வளர்ந்தவர்களுக்கு எசென்ஸைக் கண்டுபிடிப்பது சிரமமே இல்லை. மங்கலான நிறத்தில், கிழங்கின் நார் லேசாகத் தட்டுப்படும் ஊபேயைச் சின்னக் கடைகளில் எப்போதாவது பார்க்கலாம். கிடைத்தால் விடாதீர்கள்.

கேக் என்று வந்தால்

கேக்குக்குப் பெரிய கடைகளுக்கே போங்கள், இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கோல்டிலாக்ஸின் மமோன் என்னும் மென்கேக், பொல்வோரோன், ரெட் ரிப்பனின் மாம்பழக் கேக் எல்லாம் ஒரு தலைமுறையின் பிறந்தநாள் நினைவோடு ஒட்டியவை. இரண்டுக்கும் இடையே எது மேல் என்ற சண்டை தீராது. பெரும்பாலும் அது அவரவர் வீட்டில் எந்தப் பெட்டி வந்தது என்பதைப் பொறுத்தது. என்னைக் கேட்டால் மாம்பழத்துக்கு ரெட் ரிப்பன். வறுத்த மாவையும் பால்பவுடரையும் அழுத்திச் செய்யும் பொல்வோரோனுக்கும், கூடவே சாப்பாடும் வேண்டுமென்றால் அதற்கும் கோல்டிலாக்ஸ்.

முந்திரி மெரிங்கும் (அடித்துச் சுட்ட முட்டை வெள்ளைக்கரு) வெண்ணெய் கிரீமும் அடுக்கிய சான் ரிவால், உள்ளே மஞ்சள்கரு கஸ்டர்டு வைத்துச் சுருட்டும் பிராசோ தெ மெர்செடஸ் போன்றவற்றைச் சின்னக் கடைகளும் செய்கின்றன. நன்றாக அமைந்தால் பிரமாதம்தான், ஆனால் ஒரு தடவை மாதிரி அடுத்த தடவை இருக்காது. மரவள்ளிக்கிழங்கு கேக் மட்டும் விதிவிலக்கு. துருவிய கிழங்கு, தேங்காய்ப்பால், கண்டென்ஸ்டு மில்க், மேலே கருகலான மஞ்சள் படலம் என்று இருக்கும் அது வீட்டுக் கைப்பக்குவத்தில்தான் நன்றாக வருகிறது. அடுத்த நாளும் கெடாது.

நேரக்கணக்குக்குக் கட்டுப்படாத பண்டம் சின்னக் கடையில் இன்னொன்று இருக்கிறது: பான் தெ ரெக்லா. மீந்துபோன பழைய ரொட்டியை ஊறவைத்து, சர்க்கரை சேர்த்து, பளீர் சிவப்பு நிறம் கொடுத்துப் பூரணமாக வைப்பார்கள். கருத்துகளில் யாரும் இதை அதிகம் பேசுவதில்லை. நிறத்தைப் பார்த்து மிரள்கிறார்கள் போலும். ஒரு டாலர் சில்லறைக்கு மாலை நேரத்தில் தைரியமாக வாங்கக்கூடியது இதுதான்.

சேவை பற்றி ஒரு வார்த்தை. ரொக்கம் மட்டும், பத்து மணிக்கே தீர்ந்துவிட்டது, வரிசை ஒழுங்கு இல்லை என்பவைதான் சின்னக் கடைகள் மீது வரும் குறைகள். வரிசையில் பெரியவர்கள் கல்லாவில் இருப்பவரோடு பிலிப்பைன்ஸ் மொழியான தகலோகில் பேசிக்கொண்டிருப்பதால் தாமதம் என்று வருத்தப்படுகிறவர்களும் உண்டு. ரொக்கம் கொண்டுபோவதும் சீக்கிரம் போவதும் நம் கையில் இருக்கிறது. பெரிய கடைகளில் வேறு வகைக் குறை: முன்பதிவு செய்த கேக்கில் பெயர் தப்பாக எழுதியிருந்தது, சொன்ன நேரத்துக்குத் தயாராக இல்லை என்பவை. கேக்கில் பெயர் எழுதச் சொன்னால் தாளில் எழுதிக் கொடுங்கள், வாங்கும்போது பெட்டியைத் திறந்து பாருங்கள்.

ஊருக்குப் போகிறவர்கள் 'பசலூபோங்' என்று சொந்தக்காரர்களுக்கு வாங்கிப்போகும் பழக்கம் பிலிப்பினோக்களிடம் பலமானது. பல நல்ல கருத்துகள் பண்டத்தைவிடப் பெட்டியைப் பற்றியவையாக இருப்பது அதனால்தான். விமானத்துக்கு ஹோபியாவும் பொல்வோரோனும் தாங்கும். மமோன் நசுங்கும். பிராசோவை நினைத்தே பார்க்காதீர்கள். சென்யோரிட்டா கொண்டுபோவதாக இருந்தால் ஆறவிட்டு மூடுங்கள், சூட்டோடு மூடினால் ஆவி வேர்த்து அடிப்பக்கம் ஈரமாகிவிடும்.