சதுப்பில் பிழைக்க எது தோது: நெட்டைக் காலா, சவ்வுக் காலா?

பிரேசிலின் பந்தனால் சதுப்பில் இரண்டு நாயினங்கள், இரண்டு வழிகள். பிடரி ஓநாயின் தோள் உயரம் சுமார் 90 செ.மீ. ஆளுயரப் புல்லிலும் வழி தெரியும். ஆழமில்லாத வெள்ளத்தை நடந்தே கடந்துவிடும். திறந்த புல்வெளிக்கு இதுதான் தோது. தனியாக இரை தேடும். உணவில் ஏறக்குறையப் பாதி தாவரம், குறிப்பாகக் கத்தரிக் குடும்பத்து லொபெய்ரா பழம். எலி குறைந்தாலும் பட்டினி கிடக்காது. வில்லங்கம் வேறு இடத்தில்: மீன், தவளை வழியாக ஏறும் ராட்சதச் சிறுநீரகப் புழு, பெரும்பாலும் வலது சிறுநீரகத்தையே அரித்து வெறும் கூடாக்கிவிடும்.

புதர்நாய் 30 செ.மீ.தான். விரலிடைச் சவ்வு இருப்பதால் நன்றாக நீந்தும். பாக்கா என்ற பெரிய கொறிவிலங்கைச் சில நாய்கள் துரத்த, மற்றவை தண்ணீரிலேயே காத்திருக்கும். ஆற்றோரக் காட்டில் இதை மிஞ்ச ஆளில்லை. ஆனால் இறைச்சியை விட்டால் வேறு கதியில்லை. படுப்பது அர்மடில்லோ என்ற ஓடுடைய விலங்கு தோண்டிய வளையில், வெள்ளம் ஏறினால் அதுவும் போச்சு.