டீசல் ஃபோர் வீல் டிரைவுக்கு இசியூ ரீமேப்: பயன்படுத்திய பின் ஒரு மதிப்பீடு

என் டீசல் ஃபோர் வீல் டிரைவுக்குச் செய்துகொண்ட இசியூ ரீமேப் சேவையை, அதாவது எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியின் (இசியூ) அமைப்புகளைத் திருத்தி எழுதும் சேவையை, தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். பவர் கூடியது உண்மை. ஆனால் எங்கெல்லாம் அதைக் கூட்டக் கூடாது என்று அந்தப் பட்டறையினர் உறுதியாக மறுத்தார்களோ, அந்த இடங்கள்தான் என் பாராட்டுக்கு முதல் காரணம். வண்டி ஆறு கியர் மேனுவல். காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் வேரியபிள் ஜியோமெட்ரி டர்போ, அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர், இன்ஜெக்டர்களுக்கு உயர் அழுத்தத்தில் டீசல் தரும் காமன் ரயில், எக்ஸாஸ்டில் வரும் கரியைப் பிடிக்கும் வடிகட்டியான டிபிஎஃப் எல்லாம் உள்ள எஞ்சின். வாரண்டிக் காலம் முடிந்துவிட்டது. இரும்பு பம்பர், வின்ச், கூரை கேரியர், பெரிய டயர்கள் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்த பிறகு, கம்பெனி கொடுத்த பவர் அந்த எடைக்குப் போதவில்லை. பெரிய டயர் போட்டவர்களுக்கு இது நன்றாகவே தெரிந்திருக்கும்: டயரின் விட்டம் கூடும்போது ஒவ்வொரு கியரும் கொஞ்சம் நீண்டுவிடுவதால், ஏற்றத்தில் எஞ்சின் 1,600 ஆர்பிஎம்முக்குக் கீழே இறங்கிவிட்டால் ஆக்ஸிலரேட்டரை எவ்வளவு மிதித்தாலும் வண்டி திணறும், கியரைக் குறைப்பதைத் தவிர வேறு வழி இருக்காது.

ரீமேப் என்ன செய்கிறது என்பதைப் புரிந்துகொள்ளாமல் எந்தப் பட்டறையையும் மதிப்பிட முடியாது. பெட்ரோல் எஞ்சினில் த்ராட்டில் காற்றைக் கட்டுப்படுத்துகிறது. டீசலிலோ காற்று ஏறக்குறைய தடையின்றி உள்ளே போகிறது, பவரைத் தீர்மானிப்பது பீய்ச்சப்படும் டீசலின் அளவு. டிரைவரின் கால் எவ்வளவு டார்க் (எஞ்சினின் சுழற்று விசை) கேட்கிறது, அந்த ஆர்பிஎம்மில் எவ்வளவு டார்க் வரை அனுமதிக்கலாம், இருக்கும் காற்றுக்குப் புகை வராமல் எவ்வளவு டீசல் கொடுக்கலாம், ரயில் அழுத்தம் எவ்வளவு, டர்போ பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்) எவ்வளவு, இன்ஜெக்டர் எப்போது திறந்து எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் இசியூவுக்குள் தனித்தனி அட்டவணைகள் உள்ளன. ரீமேப் என்பது இந்த அட்டவணைகளை ஒன்றோடொன்று பொருந்தும்படி திருத்தி எழுதும் வேலை. டார்க் வரம்பை மட்டும் உயர்த்திவிட்டுப் பூஸ்டைத் தொடாமல் விட்டால் புகை வரம்பு குறுக்கே நிற்கும். புகை வரம்பையும் தளர்த்திவிட்டால் எரியாத டீசல் கரும்புகையாக வெளியே போகும். டீசலை முழுமையாக எரிக்க எடையில் அதைப் போல் ஏறத்தாழ 14.5 மடங்கு காற்று கணக்குப்படி போதும் என்றாலும், நடைமுறையில் 18 மடங்குக்குக் கீழே போனாலே பெரும்பாலான எஞ்சின்களில் புகை தெரியத் தொடங்கும். பெட்ரோலில் கலவையைச் செறிவாக்கினால் வெப்பம் குறையும்; டீசலில் செறிவாக்கினால் எக்ஸாஸ்ட் வெப்பம் ஏறும். பெட்ரோல் கார்களில் பழகிய டியூனரிடம் டீசலை ஒப்படைக்கத் தயங்க வேண்டியதற்கு இந்த ஒரு வேறுபாடே போதுமான காரணம்.

கம்பெனி ஏன் பவரை மிச்சம் வைக்கிறது என்று பலர் கேட்கிறார்கள். டொயோட்டாவின் 2.8 லிட்டர் 1ஜிடி டீசல் எஞ்சின் 2020இல் 150 கிலோவாட்டுக்கு உயர்த்தப்பட்டபோது, ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் உள்ள ஹைலக்ஸுக்கு 500 நியூட்டன் மீட்டர் டார்க் கொடுத்தார்கள், மேனுவலுக்கு 420தான். எஞ்சின் ஒன்றுதான், அதற்குப் பின்னால் இருக்கும் கியர்பாக்ஸ்தான் வேறு. அதே கம்பெனியின் 4.5 லிட்டர் வி8 டீசல், ஒற்றை டர்போவுடன் லேண்ட் குரூஸர் 70இல் 430 நியூட்டன் மீட்டரும், இரட்டை டர்போவுடன் லேண்ட் குரூஸர் 200இல் 650 நியூட்டன் மீட்டரும் தந்தது. ஆகவே ஓர் எஞ்சினில் மிச்சம் இருப்பது உண்மை. ஆனால் அந்த மிச்சம் வண்டி முழுவதும் சமமாகப் பரவியிருக்கவில்லை: பிஸ்டன் தாங்குவதை கிளட்ச் தாங்குவதில்லை, கிளட்ச் தாங்குவதை ரேடியேட்டர் தாங்குவதில்லை.

ரீமேப்புக்குப் பதிலாக விற்கப்படும் டியூனிங் பாக்ஸைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் விலை குறைவு, வயரைச் செருகினால் முடிந்தது என்பதால் பலர் அதையே முதலில் வாங்குகிறார்கள். மலிவான பாக்ஸ்களில் பெரும்பாலானவை ரயில் அழுத்த சென்ஸாருக்கும் இசியூவுக்கும் நடுவில் உட்கார்ந்து, உண்மையான அழுத்தத்தைவிடக் குறைவாக இருப்பதாக இசியூவை நம்ப வைக்கின்றன. இசியூ அழுத்தத்தை ஏற்றுகிறது, அதே திறப்பு நேரத்தில் அதிக டீசல் போகிறது. பவர் கூடுவது பொய்யில்லை. ஆனால் எவ்வளவு டீசல் போகிறது என்பதே இசியூவுக்குத் தெரியாமல் போவதால், புகை வரம்பு, டிபிஎஃப்பில் சேரும் கரியின் கணக்கு, வெப்பப் பாதுகாப்பு என்று அந்த எண்ணை நம்பியிருக்கும் எல்லாமே தவறான அடிப்படையில் இயங்குகின்றன. ஆக்ஸிலரேட்டர் சிக்னலை மட்டும் கூர்மையாக்கும் சிறு கருவிகளோ ஒரு துளி பவரும் சேர்ப்பதில்லை; பாதி மிதித்ததை முக்கால் மிதித்ததாகக் காட்டுவதோடு அவற்றின் வேலை முடிந்துவிடுகிறது. இரண்டையும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இனி இந்தப் பட்டறை வேலை செய்த விதம். வண்டியை உள்ளே விட்டதும் லேப்டாப்பை எடுக்கவில்லை. முதலில் இன்ஜெக்டர்களின் ரிட்டர்ன் அளவை சோதித்தார்கள். நான்கு சிறு குப்பிகளில் நான்கு இன்ஜெக்டர்களிலிருந்து திரும்பும் டீசலைப் பிடித்து, மட்டம் ஒன்றுபோல் இருக்கிறதா என்று பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். ஒன்று மட்டும் அதிகமாகத் திருப்பி அனுப்பினால் அது தேய்ந்திருக்கிறது என்று பொருள், அத்தகைய இன்ஜெக்டர் மீது ரீமேப் செய்வது பிஸ்டனை ஆபத்தில் விடுவதாகும். பிறகு டர்போவிலிருந்து இன்டர்கூலர் வரையிலான ஹோஸ்களில் கசிவு சோதனை, ஏர் ஃபில்டர், கூலன்ட் மட்டம், கிளட்ச்சின் நிலை. அதன்பின்தான் டைனோ, அதாவது சக்கரங்களை உருளைகள் மீது ஓட்டிப் பவரை அளக்கும் கருவி. நான்கு சக்கரங்களுக்கும் உருளை உள்ள டைனோவில், 1:1 விகிதத்துக்கு நெருக்கமான கியரில், கம்பெனி மேப்புடன் (திருத்தப்படாத மூல அட்டவணைகளுடன்) முதல் ஓட்டம் எடுத்தார்கள். இந்த முதல் அளவீடு இல்லாமல் “இவ்வளவு கூடியது” என்று சொல்லும் எந்த ரசீதையும் நம்ப முடியாது. டயர் அளவு, டயர் காற்று, அறை வெப்பம், திருத்தக் கணக்கு ஆகியவற்றால் டைனோ எண் மாறும் என்பதால், ஒரே நாளில் ஒரே உருளையில் எடுத்த முன்-பின் வேறுபாட்டுக்கு மட்டுமே மதிப்பு உண்டு.

இசியூவைப் படித்து எழுதும் நேரம் முழுவதும் பேட்டரியோடு நிலையான மின்னழுத்தம் தரும் சப்ளை ஒன்றை இணைத்திருந்தார்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்னழுத்தம் விழுந்தால் இசியூ செயலிழந்துபோகக்கூடும் என்பதால், இந்தக் கருவி இல்லாமல் வேலையைத் தொடங்கும் இடத்திலிருந்து வண்டியை வெளியே எடுத்துவிடுவது நல்லது. கம்பெனியின் மூல ஃபைலை முதலில் சேமித்து, அதன் நகல் ஒன்றை என்னிடமும் கொடுத்தார்கள். எழுதிய பிறகு ஒவ்வொரு டைனோ ஓட்டத்திலும், இசியூ கேட்ட பூஸ்டும் உண்மையில் வந்த பூஸ்டும், கேட்ட ரயில் அழுத்தமும் வந்த அழுத்தமும், காற்றின் அளவும் திரையில் பதிவாயின. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் வெப்பமானி பொருத்தி, டர்போவுக்கு முன் நீடித்த சுமையில் 700 டிகிரி செல்சியஸை ஒட்டியே நிற்கும்படி மேல் ஆர்பிஎம்மில் டீசலைக் குறைத்தார் டியூனர். உச்ச பவர் அதனால் கொஞ்சம் குறைந்தது. அதுவே சரியான முடிவு.

நான் கேட்டதைவிடக் குறைவாகவே டார்க்கைக் கூட்டினார். “இதற்கு மேல் கூட்டினால் எஞ்சின் தாங்கும், கிளட்ச் தாங்காது; கனமான கிளட்ச் போட்டுக்கொண்டு வாருங்கள், அப்போது பார்க்கலாம்” என்பது அவர் சொன்ன பதில். 1,500 ஆர்பிஎம்முக்குக் கீழே கம்பெனி மேப்பைக் கிட்டத்தட்ட அப்படியே விட்டுவிட்டார். குறைந்த வேகத்தில் சிலிண்டருக்குள் அழுத்தத்தை மிகுதியாக ஏற்றினால் அந்தச் சுமை பிஸ்டன்களைத் தாங்கும் கனெக்டிங் ராடுகளிலும், எஞ்சினின் அதிர்வைத் தணிக்கும் இரட்டை நிறை ஃப்ளைவீலிலும்தான் விழும் என்பதை எடுத்துச் சொன்னார். கடல் மட்டத்திலிருந்து மேலே போகப் போகக் காற்று மெலிவதால், அதே பூஸ்டை எட்ட டர்போ இன்னும் வேகமாகச் சுழல வேண்டியிருக்கும். உயரத்துக்கு ஏற்பப் பூஸ்டைக் குறைக்கும் கம்பெனி அட்டவணையை அவர் தொடவே இல்லை. மலைப்பாதைகளை நாடிச் செல்லும் ஒவ்வொருவரும் தங்கள் டியூனரிடம் கேட்க வேண்டிய கேள்வி இது. சமவெளியில் அருமையாக ஓடும் மேப், இந்த அட்டவணையை அழித்துவிட்டிருந்தால், உயரத்தில் டர்போவைத் தின்றுவிடும்.

பலன் எப்படி? சுமார் ஐந்தில் ஒரு பங்கு டார்க் கூடியிருக்கிறது. ரீமேப் செய்யப்படும் டர்போ டீசல்களில் இது மிதமான அளவுதான். அது எங்கே கூடியிருக்கிறது என்பதை ஒரு கணக்கால் விளக்கலாம். நியூட்டன் மீட்டரை ஆர்பிஎம்மால் பெருக்கி 9,549ஆல் வகுத்தால் கிலோவாட் கிடைக்கும்; ஆக 1,800 ஆர்பிஎம்மில் 320 நியூட்டன் மீட்டர் தரும் ஓர் எஞ்சின் அந்த இடத்தில் 60 கிலோவாட் தருகிறது, அதையே 390 ஆக்கினால் 73க்கு மேல் போகிறது. உச்ச பவர் எண்ணை நாம் சாலையில் எப்போதாவதுதான் தொடுகிறோம். ஆனால் 1,700க்கும் 2,600க்கும் இடையில்தான் நாள் முழுவதும் ஓட்டுகிறோம், அந்த இடைவெளியில் கிடைத்த உயர்வுதான் வண்டியையே மாற்றியிருக்கிறது. முன்பு நான்காவதுக்கு இறக்கிய ஏற்றங்களில் இப்போது ஐந்தாவதே போதும். ட்ரெய்லரோடு லாரியை ஓவர்டேக் செய்யும்போது வரும் படபடப்பு குறைந்திருக்கிறது. மைலேஜில் சொல்லும்படி மாற்றமில்லை. ரீமேப்பால் மைலேஜ் பெருமளவு கூடும் என்று விளம்பரம் செய்யும் இடங்களை நம்ப வேண்டாம்; கூடிய பவரைப் பயன்படுத்தும்போது கூடிய டீசல் செலவாகத்தான் செய்யும்.

சாலைக்கு வெளியே என்ன பயன் என்பதில் பலருக்குத் தவறான எதிர்பார்ப்பு இருக்கிறது. முதல் கியர் 4:1, லோ ரேஞ்ச் (கரடுமுரடான இடங்களுக்கான கூடுதல் கியர் குறைப்பு) 2.5:1, டிஃபரன்ஷியல் 4:1 என்று வைத்துக்கொண்டால், எஞ்சின் டார்க் 40 மடங்காகப் பெருகிச் சக்கரங்களுக்குப் போகிறது. 320 நியூட்டன் மீட்டரே 12,800 ஆகிவிடுகிறது. பாறையிலும் சேற்றிலும் டயரின் பிடிப்புதான் எல்லை, எஞ்சின் அல்ல. அங்கே 400ஐ அனுப்பி 16,000 ஆக்குவதால் கிடைப்பது சக்கரம் சுழல்வதும், ஆக்ஸில் ஜாயின்ட் உடைவதற்கான வாய்ப்பும்தான். மணல் வேறு விஷயம். ஆழமான மணலில் வேகத்தை இழக்காமல் ஓட்டுவதே எல்லாமும் என்பதால், ஹை ரேஞ்சில் இரண்டாவது, மூன்றாவது கியரில் டர்போ உடனே எழுந்து இழுப்பது பெரும் உதவி. ஒரு மணல்மேட்டின் பாதியில் கியரைக் குறைக்க நேர்ந்தால் கிளட்ச்சை மிதிக்கும் அந்த ஒரு கணத்திலேயே வண்டி நின்றுவிடும். மணலும் ட்ரெய்லரும் மலைச்சாலையும் உங்கள் பயன்பாட்டில் இருந்தால் ரீமேப்புக்குப் பொருள் உண்டு. பாறைப் பாதைகள் மட்டும்தான் என்றால் அந்தப் பணத்தை, ஓர் ஆக்ஸிலின் இரு சக்கரங்களையும் ஒன்றாகச் சுழல வைக்கும் டிஃப் லாக்குக்கும் நல்ல டயருக்கும் செலவிடுங்கள்.

இந்தச் சேவையில் எனக்கு இரண்டு குறைகள் உண்டு. முதலாவது பெடல் மேப், அதாவது ஆக்ஸிலரேட்டரை எவ்வளவு மிதித்தால் எவ்வளவு டார்க் கேட்பது என்ற அட்டவணை. திரும்ப எடுத்தபோது ஆக்ஸிலரேட்டரின் முதல் கால் பகுதி அளவுக்கு மீறிக் கூர்மையாக இருந்தது. சாலையில் துடிப்பாகத் தோன்றினாலும், லோ ரேஞ்சில் ஒரு கல்லின் மீது சக்கரத்தை மெல்ல ஏற்றும்போது வண்டி உதறியது. திருப்பிக் கொண்டுபோனதும் மறுப்பேதும் சொல்லாமல் கம்பெனியின் பெடல் மேப்புக்கே மாற்றிக் கொடுத்தார்கள் என்றாலும், ஃபோர் வீல் டிரைவ் என்று தெரிந்தே இதைச் செய்திருக்க வேண்டியதில்லை. இரண்டாவது, எந்தெந்த அட்டவணைகளில் என்ன மாற்றம் செய்யப்பட்டது என்று எழுத்தில் எதுவும் தரவில்லை. எண்களை வெளியிட அவர்களுக்குத் தொழில் காரணத்தால் விருப்பமில்லாமல் இருக்கலாம். எந்த வரம்புகள் தொடப்பட்டன, எவை தொடப்படவில்லை என்ற பட்டியலாவது வாடிக்கையாளருக்குத் தரப்பட வேண்டும். வண்டியை அடுத்து வாங்குபவருக்கும் அது தேவைப்படும்.

டிபிஎஃப்பையும், எக்ஸாஸ்டில் ஒரு பகுதியை மீண்டும் எஞ்சினுக்குள் அனுப்பும் இஜிஆரையும் நீக்கித் தருகிறோம் என்று சொல்லும் இடங்கள் உண்டு. இந்தப் பட்டறை அந்தப் பேச்சையே எடுக்கவில்லை, இதை நான் மிகவும் மதிக்கிறேன். மாசுக் கட்டுப்பாட்டுக் கருவிகளை நீக்குவது பல நாடுகளில் சட்டவிரோதம் என்பது ஒருபுறம் இருக்க, பின்னால் வருபவர்கள் சுவாசிக்கும் நுண்துகள்களை நம் வசதிக்காகக் கூட்டுவதற்கு எந்த நியாயமும் இல்லை. டிபிஎஃப் இருக்கும்போது புகை வரும் மேப்பை எழுதவும் முடியாது, ஏனெனில் கூடுதல் கரி உடனே வடிகட்டியை அடைத்து, சேர்ந்த கரியை எரிக்கும் சுத்திகரிப்புச் சுழற்சியை அடிக்கடி ஓட வைத்துவிடும். என் வண்டியில் அந்தச் சுழற்சியின் இடைவெளி மாறவில்லை. மேப் சுத்தமாக எழுதப்பட்டிருக்கிறது என்பதற்கு டைனோ தாளைவிட இதை நம்பகமான சான்றாக எடுத்துக்கொள்கிறேன்.

ரீமேப்புக்குப் பிறகு கவனிக்க வேண்டியவை சில. எஞ்சின் ஆயிலைக் கம்பெனி சொன்ன இடைவெளிக்கு முன்பே மாற்றுகிறேன். நீண்ட ஏற்றத்தில் ட்ரெய்லரை இழுக்கும்போது கூலன்ட் வெப்பத்தின் மீது கண் இருக்கிறது. மேலே போய் நின்றதும் எஞ்சினை உடனே அணைக்காமல் டர்போ ஆறும்வரை ஐடிலிங்கில் விடுகிறேன். உயர் கியரில் முழுவதுமாக மிதிக்கும்போது வேகம் ஏறாமல் ஆர்பிஎம் மட்டும் ஏறுகிறதா என்று அவ்வப்போது பார்த்துக்கொள்வது அவசியம், கிளட்ச் வழுக்கத் தொடங்குவதன் முதல் அடையாளம் அதுதான். வாரண்டி நிலுவையில் உள்ளவர்கள், இசியூவில் எத்தனை முறை எழுதப்பட்டது என்ற எண்ணிக்கையைப் பல கம்பெனிகளால் படிக்க முடியும் என்பதை அறிந்தே முடிவெடுக்க வேண்டும். காப்பீட்டு நிறுவனத்துக்கும் மாற்றத்தைத் தெரிவித்துவிட வேண்டும். சர்வீஸுக்கு விடும்போது இசியூ சாஃப்ட்வேரை அப்டேட் செய்ய வேண்டாம் என்று ஜாப் கார்டிலேயே எழுதச் சொல்லுங்கள். அப்டேட் ஏறினால் ரீமேப் அழிந்துவிடும். புதிய சாஃப்ட்வேருக்குப் பழைய டியூனிங் ஃபைல் பொருந்தாது என்பதால், முழு வேலையையும் மூல ஃபைலைப் படிப்பதிலிருந்து மீண்டும் தொடங்க வேண்டியிருக்கும்.