ஆறு பேர், ஒரு பாப்பா சீட், எழுபது கொண்டை ஊசி: எந்த வண்டி வாங்குவது?

போன வைகாசி வரை வீட்டில் ஐந்து பேர். இப்போது ஆறு. நான், மனைவி, அப்பா, அம்மா, ஒன்றாம் வகுப்பு படிக்கும் மூத்தவள், எட்டு மாதப் பையன். இருக்கிற சின்ன காருக்குப் பதினோரு வயசு. ஐந்து பேர் ஏறினாலே இஞ்சின் முனகும். பையனுக்கு மொட்டை போட்டுக் காது குத்த வேண்டும். குலதெய்வம் கொல்லிமலை எட்டுக்கை அம்மன். திருச்சியிலிருந்து நாமக்கல் போய், காரவள்ளி அடிவாரத்தில் ஏற ஆரம்பித்தால் 70 கொண்டை ஊசி வளைவு. வண்டி மாற்றும் பேச்சு அங்கேதான் தொடங்கியது.

மூன்று மாதமாக ரெனோ ட்ரைபர், மாருதி எர்டிகா, கியா கேரன்ஸ், செகண்ட் ஹேண்ட் இன்னோவா கிரிஸ்டா என்று நான்கையும் மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்தேன். நடுவில், புதுசே வேண்டாம், விசேஷத்துக்கு வாடகை வண்டி எடுத்தால் போதாதா என்ற ஐந்தாவது யோசனையும் வந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் ஒரு விஷயம். ஷோரூமில் ஏழு சீட் என்பார்கள். ஏழு சீட்டும் இருக்கும்தான். ஆனால் கடைசி வரிசைக்குப் போகும் வழியை யாரும் சொல்வதில்லை. நடு வரிசை சீட்டை மடக்கி முன்னால் தள்ளினால்தான் பின்னால் போக முடியும். அந்த நடு சீட்டில், பாப்பா சீட்டைப் பூட்டவென்றே காரில் வரும் ஐசோஃபிக்ஸ் கொக்கியில் அதை மாட்டிவிட்டால் மடக்க முடியாது. அந்தப் பக்கத்து வழி அடைத்தது அடைத்ததுதான். அதனால் இரண்டாவது முறை போனபோது பாப்பா சீட்டையும் அம்மாவையும் கூடவே கூட்டிக்கொண்டு போனேன். ஒரு ஷோரூமில் விற்பனைப் பையன் "சார், இது வேற யாரும் பண்ணதில்ல" என்றான். அம்மா முட்டியைப் பிடித்துக்கொண்டு கடைசி வரிசைக்கு ஏறப் பார்த்து, பாதியிலேயே இறங்கி, "நீங்க யாராவது அங்க உக்காருங்கப்பா, எனக்கு இங்கயே போதும்" என்று நடு வரிசையில் உட்கார்ந்துவிட்டார். ப்ரோஷரில் இல்லாத பெரிய தகவல் எனக்கு அதுதான்.

ஆக, எங்கள் உட்காரும் கணக்கு இப்படி. ஸ்டியரிங்கில் நான், பக்கத்தில் அப்பா. நடு வரிசையில் ஒரு ஜன்னலோரம் பாப்பா சீட், நடுவில் மனைவி, மறு ஜன்னலோரம் அம்மா. கடைசி வரிசையில் மூத்தவள் மட்டும். அவளுக்கு அது ராஜாங்கம். பாப்பா சீட்டை இடது பக்கம் வைத்தால் ரோட்டோரமாக நின்று பையனை ஏற்றி இறக்கலாம், ஆனால் மூத்தவள் வலது கதவு வழியாக, லாரி போகும் பக்கத்தில் ஏற வேண்டும். வலது பக்கம் வைத்தால் இது தலைகீழ். இரண்டுக்கும் சண்டை போட்டு, பாப்பா சீட் வலது பக்கம்தான், பையனை வீட்டு போர்டிகோவில் வைத்தே ஏற்றிக்கொள்வது என்று முடிவாயிற்று. கோயிலில் அம்மா ஒரு நிமிஷம் இறங்கி நின்றால் மூத்தவள் இடது பக்கமாக இறங்கிவிடுவாள்.

இந்தக் கணக்கில்தான் கேப்டன் சீட் அடிபட்டுப் போனது. நடுவில் இரண்டு தனித்தனி சீட், இடையில் நடந்து பின்னால் போகும் வழி. பார்க்க ஜம்மென்றிருக்கும். எர்டிகாவின் அண்ணன் மாதிரியான எக்ஸ்எல்6-இல் அதுதான், கேரன்ஸின் ஆறு சீட் ரகத்திலும் அதுதான். ஆனால் எங்களுக்கு நடு வரிசையில் பாப்பா சீட்டும் அம்மாவும் உட்கார்ந்தால் மனைவி கடைசி வரிசைக்குப் போக வேண்டும். பையன் அழுதால் கை எட்டாது. இரண்டு வளர்ந்த பிள்ளைகள் உள்ள வீட்டுக்குக் கேப்டன் சீட் சரி. கைக்குழந்தையும் வயசானவர்களும் சேர்ந்த வீட்டுக்கு, மூன்று பேர் சேர்ந்து உட்காரும் பெஞ்ச் சீட்தான்.

ட்ரைபர்: எல்லாம் அந்த 4 மீட்டருக்குள்

நம்ம ஒரகடத்தில் தயாராகும் வண்டி. நீளம் 4 மீட்டருக்குச் சில மில்லிமீட்டர்தான் குறைவு. அந்தச் சில மில்லிமீட்டரை ஏன் விட்டார்கள் என்பதற்கு ஒரு கதை உண்டு. 2006 பட்ஜெட்டில் நிதியமைச்சராக இருந்த ப.சிதம்பரம், 4 மீட்டருக்கு மிகாத, 1,200 சிசி வரையிலான பெட்ரோல் கார்களுக்கும் 1,500 சிசி வரையிலான டீசல் கார்களுக்கும் கலால் வரியைக் குறைத்தார். அன்றிலிருந்து கம்பெனிகள் கத்தரிக்கோலோடு உட்கார்ந்திருக்கின்றன. 2025 செப்டம்பர் 22 முதல் அமலான ஜிஎஸ்டி மாற்றத்திலும் அதே கோடுதான். கோட்டுக்குள் இருக்கும் ட்ரைபருக்கு 29 சதவீதத்திலிருந்து 18-க்கு இறங்கியது. கோட்டுக்கு வெளியே நிற்கும் எர்டிகாவுக்கும் கேரன்ஸுக்கும் 45-இலிருந்து 40. அதனால் ட்ரைபரின் ஆரம்ப ரகம் ஷோரூம் விலையில் ஆறு லட்சத்துக்குள் வந்துவிட்டது. ஏழு பேர் உட்காரும் வண்டி இந்த விலைக்கு என்றால் கையெடுத்துக் கும்பிடத்தான் வேண்டும்.

ஏழு பேரும் உட்கார்ந்தால் டிக்கியில் மிஞ்சுவது 84 லிட்டர். இரண்டு கட்டைப்பை வைத்தால் கதவு மூடாது. ஆனால் கடைசி வரிசை சீட்டுகளைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகலாம். ஒன்றைக் கழற்றினால் 320 லிட்டர், இரண்டையும் கழற்றினால் 625. ஆறு பேர் உள்ள எங்களுக்கு இது அளவெடுத்துத் தைத்த சட்டை. அகலமும் கிட்டத்தட்ட எர்டிகா அளவுதான், எனவே நடு வரிசையில் மூன்று பேர் என்ற கணக்கும் செல்லும்.

சறுக்குவது இஞ்சினில். 999 சிசி, மூன்று சிலிண்டர், சக்தி 72 பிஎஸ், இழுவை 96 நியூட்டன் மீட்டர். ஊருக்குள் ஓட்ட, திருச்சியிலிருந்து தஞ்சாவூர் போய்வர ஒரு குறையும் இல்லை. ஏசி போட்டுக்கொண்டு ஆறு பேரோடு கொல்லிமலை ஏற வேண்டுமென்றால், ஒவ்வொரு வளைவிலும் முதல் கியரைப் போட்டு மிதிக்க வேண்டியிருக்கும். குலதெய்வம் சமயபுரத்திலோ வயலூரிலோ இருந்திருந்தால் இந்த அலசலை இங்கேயே முடித்துவிட்டு ட்ரைபருக்கு அட்வான்ஸ் கட்டியிருப்பேன்.

எர்டிகாவும் கேரன்ஸும்

உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும்தான். எர்டிகாவில் 1,462 சிசி பெட்ரோல், 103 பிஎஸ். இரண்டு சக்கர அச்சுக்கும் இடைவெளி 2,740 மில்லிமீட்டர், கேரன்ஸில் 2,780. எல்லாச் சீட்டும் நிமிர்ந்திருக்கும்போது டிக்கி எர்டிகாவில் 209 லிட்டர், கேரன்ஸில் 216. காகிதத்தில் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை. உள்ளே உட்கார்ந்தால் கேரன்ஸ் ஒரு படி மேல்தான். டீசல் வேண்டுமென்றால் அதில்தான் உண்டு, 250 நியூட்டன் மீட்டர். மலைக்கு அதுதான் ராஜா.

பாதுகாப்பு நட்சத்திரங்களைப் பற்றி ஆளாளுக்கு வாட்ஸப்பில் அனுப்புகிறார்கள், தேதியைப் பார்ப்பதில்லை. கார்களை மோதவிட்டுச் சோதிக்கும் குளோபல் என்கேப் அமைப்பு ட்ரைபருக்கு 4 நட்சத்திரம் கொடுத்தது 2021-இல், பழைய விதிமுறையில். 2022 நடுவில் விதிமுறையையே இறுக்கிவிட்டார்கள். புது விதிமுறையில் 2024-இல் சோதித்தபோது எர்டிகாவுக்குப் பெரியவர்கள் பாதுகாப்பில் ஒரே ஒரு நட்சத்திரம், குழந்தைகளுக்கு இரண்டு. அதே வருஷம் கேரன்ஸுக்குப் பெரியவர்களுக்கு மூன்று, குழந்தைகளுக்கு ஐந்து. ஆகவே ட்ரைபரின் நான்கையும் எர்டிகாவின் ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசுவது பழைய பாடத்திட்ட மார்க்கையும் புதுப் பாடத்திட்ட மார்க்கையும் ஒப்பிடுவது மாதிரி. எர்டிகாவையும் கேரன்ஸையும் ஒப்பிடுவது நியாயம், அதில் கேரன்ஸ் தெளிவாக ஜெயிக்கிறது. கேரன்ஸில் 2022-இல் வந்த நாளிலிருந்தே எல்லா ரகத்திலும் ஆறு ஏர்பேக். எர்டிகாவில் எல்லா ரகத்துக்கும் ஆறு வந்தது 2025-இல்தான். சோதித்தது அதற்கு முந்தைய வண்டி. இருந்தாலும் அந்த ஒற்றை நட்சத்திரம் எனக்கு உறுத்தாமல் இல்லை.

பிறகு ஏன் கேரன்ஸ் இல்லை? இரண்டு காரணம்.

ஒன்று, வரி. தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து புது காரின் வாழ்நாள் வரி, விலை 5 முதல் 10 லட்சம் வரை 13 சதவீதம், 10 முதல் 20 லட்சம் வரை 18 சதவீதம், அதற்கு மேல் 20. பத்து லட்சம் என்ற கோட்டில் இது செய்யும் வேலையைப் பாருங்கள். 9 லட்சத்து 90 ஆயிரம் ரூபாய் வண்டிக்கு வரி 1,28,700. 10 லட்சத்து 10 ஆயிரம் ரூபாய் வண்டிக்கு 1,81,800. விலையில் 20 ஆயிரம் கூடினால் வரியில் 53 ஆயிரம் கூடுகிறது. எர்டிகாவின் கீழ் ரகங்கள் கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்கின்றன. கேரன்ஸ் ஆரம்பமே அந்தப் பக்கம், டீசல் என்றால் இன்னும் எட்டாத உயரம். "இன்னும் கொஞ்சம் போட்டா அடுத்த வேரியண்ட் சார்" என்று சொல்லும்போது இந்தக் கணக்கை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது காரணம் எங்கள் போர்டிகோ. நீளம் சரியாகப் பதினைந்து அடி, அதாவது 4,572 மில்லிமீட்டர். கேரன்ஸ் 4,540. மூன்று சென்டிமீட்டர்தான் மிஞ்சும், கேட் சாத்த முடியாது. எர்டிகா 4.4 மீட்டரை ஒட்டி, அரை அடி தப்புகிறது. மூன்று மாதம் யூடியூப் பார்த்தவன் டேப் எடுத்து வாசலை அளந்தது கடைசி வாரத்தில்தான். முதல் நாளே அளந்திருக்கலாம்.

எர்டிகாவிலும் சிஎன்ஜி வேண்டாம் என்று நானே விட்டேன். கிலோவுக்கு 26 கிலோமீட்டர் என்ற ஆசை யாருக்கும் வரும். ஆனால் சிலிண்டர் டிக்கியில் உட்கார்ந்துகொள்கிறது, ஏற்கெனவே இருப்பது 209 லிட்டர். கேஸில் ஓடும்போது 103 பிஎஸ் 88 ஆகிவிடும். தினம் எண்பது கிலோமீட்டர் ஓட்டுகிறவர்களுக்கு அது லாபம். ஆபீஸுக்கு ஸ்கூட்டரில் போகிற எனக்கு இல்லை.

இன்னோவா என்னும் ஆசை

அப்பாவுக்கு இன்னோவா தவிர வேறு எதுவும் வண்டியே இல்லை. 2005-இல் குவாலிஸுக்குப் பதிலாக வந்ததிலிருந்து கல்யாணம், கட்சி, சபரிமலை எல்லாம் அதில்தானே. கிரிஸ்டாவின் 2.4 டீசல் 150 பிஎஸ், 343 நியூட்டன் மீட்டர். கொல்லிமலையை அது கண்டுகொள்ளவே கொள்ளாது. செகண்ட் ஹேண்டில் இன்னொரு லாபம், தமிழ்நாட்டு ரிஜிஸ்ட்ரேஷன் வண்டி என்றால் வாழ்நாள் வரி ஏற்கெனவே கட்டியாயிற்று.

ஆனால் லேடர் ஃப்ரேம் வண்டி, அதாவது லாரி மாதிரி ஏணி போன்ற சட்டத்தின் மேல் பாடியை உட்கார வைத்தது என்பதால் தரை உயரம். அம்மா ஏற ஒரு படி வேண்டும், கைப்பிடி வேண்டும், ஒரு ஆள் வேண்டும். எர்டிகாவில் அவர் தானாகவே உட்கார்ந்தார். இன்னோவாவுக்கு மவுசு இறங்குவதே இல்லை என்பதால் ஏழெட்டு வருஷ வண்டிக்குப் புது எர்டிகா விலை சொல்கிறார்கள். நான் பார்த்த மூன்றில் ஒன்று டி போர்டில், அதாவது வாடகை டாக்ஸியாக ஓடி, சொந்த உபயோகத்துக்கான ஓன் போர்டுக்கு மாறிய வண்டி. ஆர்சி புத்தகத்தைக் கேட்ட பிறகுதான் புரோக்கர் அதைச் சொன்னார். மீட்டரில் எழுபதாயிரம் கிலோமீட்டர், கிளட்ச் பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தது. அதுவும் போக 4,735 மில்லிமீட்டர், எங்கள் கேட்டை எடுத்துவிட வேண்டியதுதான். அப்பா இரண்டு நாள் பேசவில்லை.

வாடகை வண்டிக் கணக்கு

காசை மட்டும் பார்த்தால் இதுதான் ஜெயிக்கும், மறைக்க மாட்டேன். ஆறு பேரும் சேர்ந்து வெளியூர் போவது வருஷத்துக்கு ஏழெட்டு தடவை. ஒரு தடவைக்கு ஐயாயிரம், ஆறாயிரம் என்றாலும் ஐம்பதாயிரத்தைத் தாண்டாது. எர்டிகாவுக்கு நான் கட்டப்போகும் தவணை நாலைந்து மாதத்தில் அதைத் தின்றுவிடும். பழைய கார் இன்னும் ஐந்து வருஷம் உழைக்கும் நிலையில் இருந்தால் யாருக்கும் இதைத்தான் சொல்வேன். எங்கள் கார் உழைக்காது, எப்படியும் ஒன்று வாங்கியாக வேண்டும். அப்படியானால் ஐந்து சீட் புது காருக்கும் எர்டிகாவுக்கும் உள்ள வித்தியாசத் தொகைதான் கணக்கு, முழு விலை அல்ல. அங்கேதான் என் மனசு சாய்ந்தது.

ஸ்கூட்டர் இருக்கும். ஸ்கூலுக்கு மூத்தவளைக் கொண்டுவிட அதுதான் வசதி, அவளுக்குத் தனி ஹெல்மெட் வாங்கியாயிற்று. பையனை அதில் ஏற்றுவதில்லை. ஒன்பது மாதத்திலிருந்து நான்கு வயசு வரை உள்ள பிள்ளைகளை ஏற்றினால் பெல்ட் கட்டி, ஹெல்மெட் போட்டு, மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடாது என்று 2023 பிப்ரவரியிலிருந்து விதி. நம் ஊரில் யார் பார்க்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

எர்டிகா, பெட்ரோல், மேனுவல், பத்து லட்சக் கோட்டுக்குக் கீழே ஒரு ரகம். அட்வான்ஸ் கட்டியாயிற்று. போன ஞாயிறு டெஸ்ட் டிரைவ் வண்டியைக் கேட்டு வாங்கி, கடைசி வரிசையில் பாதியை மடக்கிப் பொங்கல் சாமான் எல்லாம் ஏற்றிப் பார்த்தோம். அரிசி, வெல்லம், விறகுக் கட்டு, மாலைக்கூடை, மாற்றுத்துணிப் பை எல்லாம் போய்விட்டது. அண்டா மட்டும் மூத்தவளின் ராஜாங்கத்துக்குக் குறுக்கே நிற்கிறது. அதை மாமா வண்டியில் அனுப்பிவிடலாம் என்கிறாள் மனைவி. மாமாவிடம் இருப்பது இன்னோவா. அப்பா ஒன்றும் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டார்.