ஏசி ரிமோட் மானிட்டரிங்: கம்பெனி கிளவுடா, ஒட்டுச் சென்சாரா, சொந்த கேட்வேயா?

பெரிய வணிகக் கட்டடத்தின் ஏசியையும் காற்றோட்டச் சாதனங்களையும் தூரத்திலிருந்து கண்காணிக்க என்ன வழி என்று விசாரிக்க ஆரம்பித்தால், சுற்றிச் சுற்றி மூன்று பதில்தான் கிடைக்கும். கட்டடத்துக்கான தண்ணீரைக் குளிர்விக்கும் மெஷினான சில்லரைத் தயாரித்த கம்பெனியே தரும் கிளவுட் சேவை ஒன்று. பேட்டரியில் ஓடும் வயர்லெஸ் சென்சார்களை ஆங்காங்கே ஒட்டிவிட்டுப் போவது இன்னொன்று. ஏற்கெனவே பேனல்களுக்குள் இருக்கும் கன்ட்ரோலர்களிடமிருந்து, அவை பேசும் பொதுவான மொழிகளான பாக்நெட், மோட்பஸ் வழியாக எண்களை எடுத்து, நம் கேட்வே மூலம் நம் டேட்டாபேஸில் சேர்ப்பது மூன்றாவது. நாங்கள் போட்டது மூன்றாவதை. ஆகவே நான் நடுநிலையில் நின்று பேசுவதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மற்ற இரண்டும் எங்கே ஜெயிக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

போனில் கிராஃப் தெரியும், கோளாறு என்றால் மெசேஜ் வரும், மாதம் முடிந்தால் ரிப்போர்ட் வரும். இதெல்லாம் மூன்றிலும் உண்டு, டெமோவில் மூன்றும் பளபளவென்றுதான் இருக்கும். ஆரம்ப வாரங்களில் அலாரம் கொட்டோ கொட்டென்று கொட்டி, கடைசியில் எல்லோரும் மியூட் செய்துவிடுவதும் மூன்றிலும் நடக்கும்.

கம்பெனி கிளவுடை முதலில் பார்ப்போம். கம்ப்ரஸரின் உள்விவகாரம் தயாரித்தவர்களுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. ஆயில் பிரஷர், பேரிங் சூடு, மோட்டார் கரன்ட் எல்லாம் அவர்கள் கையில் இருக்கும். கன்டென்சரில் கேஸ் திரவமாகும் வெப்பநிலைக்கும், அந்தக் கன்டென்சரை விட்டு வெளியேறும் கூலிங் டவர் தண்ணீரின் வெப்பநிலைக்கும் உள்ள இடைவெளியை அப்ரோச் என்பார்கள். அது மாதா மாதம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டே போனால் பெரும்பாலும் டியூபில் உப்பு படிகிறது என்று பொருள். ஒரே மாடலைப் பல இடங்களில் பார்த்துக்கொண்டிருப்பவர்களால் "இந்த லோடில் இது இவ்வளவுதான் இருக்கணும்" என்று சட்டென்று சொல்ல முடியும். சில்லரின் பாக்நெட் கார்டு நமக்குக் காட்டுவது இதில் ஒரு பகுதியைத்தான். இந்த விஷயத்தில் எங்கள் வழி அவர்களிடம் தோற்கும், மறுக்க ஒன்றுமில்லை.

ஆனால் சில்லரின் பைப் வாயோடு அவர்களின் பார்வை முடிந்துவிடும். 7 டிகிரியில் போன தண்ணீர் டிசைன்படி 12 டிகிரியில் திரும்ப வேண்டும், 9லேயே திரும்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சில்லர் ரிப்போர்ட்டில் மெஷின் நலமாக இருக்கும். பம்ப் மட்டும் தேவைக்கு மேல் தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருக்கும், முதல் சில்லரின் லோடு நிறைவதற்குள் இரண்டாவதும் ஓட ஆரம்பிக்கும், மேல் மாடியிலிருந்தோ புழுக்கம் என்று போன் வரும். காரணம் ஏதோ ஒரு ஏஎச்யூவில் (காற்றைக் குளிர்வித்து மாடிக்கு அனுப்பும் பெட்டி) சரியாக மூடாத வால்வு, அழுக்கடைந்த காயில் (அதற்குள் குளிர்நீர் ஓடும் குழாய்ச் சுருள்), திறந்து கிடக்கும் பைபாஸ் என்று எதுவாகவும் இருக்கலாம். அந்த ஏஎச்யூ வேறு கம்பெனி, அதன் கன்ட்ரோலர் இன்னொரு கம்பெனி. சில்லர் கம்பெனிக்கு ஏதோ சரியில்லை என்பது தெரியும், எங்கே என்பது தெரியாது.

ஒட்டுச் சென்சார்களின் பலம் சுலபம்தான். லோராவான் மாதிரி குறைந்த சக்தியில் பேசும் ரேடியோ, கம்பி இழுக்க வேண்டாம், சீலிங்கைப் பிரிக்க வேண்டாம். கன்ட்ரோலரே இல்லாத பழைய கட்டடத்துக்கு இதைவிட வேகமான வழி எனக்குத் தெரியவில்லை. பேட்டரி பல வருடம் வரும் என்று சொல்வது கால் மணிக்கு ஒருமுறை மாதிரி எண் அனுப்பும்போதுதான், நிமிடத்துக்கு ஒருமுறை கேட்டால் அந்தக் கணக்கு நிற்காது. தவிர, ஐரோப்பாவின் 868 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் பெரும்பாலான சேனல்களில் ஒரு சாதனம் 1 சதவீத நேரத்துக்கு மேல் பேசக் கூடாது என்று விதியே இருக்கிறது.

இதன் உண்மையான குறை வேறு. இந்தச் சென்சாருக்கு அளவு தெரியும், ஆணை தெரியாது. ஏஎச்யூவின் குளிர்நீர் வால்வு மூடியிருக்க வேண்டும் என்று கன்ட்ரோலர் 0 சதவீதம் அனுப்புகிறது. காயிலுக்கு முன் காற்று 24 டிகிரி, பின் 17 டிகிரி. வால்வு உள்ளே ஒழுகுகிறது என்று ஒரே பார்வையில் புரிந்துவிடும், ஆனால் அந்த 0 சதவீதமும் இந்த இரண்டு வெப்பநிலைகளும் ஒரே இடத்தில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால்தான். ஒட்டுச் சென்சார் 17 டிகிரியைப் பார்த்து நல்லாத்தானே குளிருது என்று பச்சை விளக்கு காட்டும்.

கார்பன் டை ஆக்சைடு சென்சார் பற்றியும் ஒரு வார்த்தை. பல சென்சார்களில் தானாகத் திருத்திக்கொள்ளும் வசதி ஒன்று வாங்கும்போதே ஆன் ஆகி வரும். ஒரு வாரம் போல் பார்த்து, அதில் வந்த மிகக் குறைந்த அளவை வெளிக்காற்று என்று எடுத்துக்கொண்டு 400 பிபிஎம் என வைத்துக்கொள்ளும். இரவில் காலியாகும் அலுவலகத்துக்கு இது சரி. ராப்பகலாக ஆள் இருக்கும் இடத்தில் அளவு 600க்குக் கீழே இறங்கவே இல்லை என்றால், அந்த 600ஐ 400 என்று நம்பும், அப்புறம் 1,000 இருக்கும்போது 800 என்று காட்டும். அதை நம்பி, வெளிக்காற்றை உள்ளே விடும் கதவான டேம்பரை ஓட்டினால் உள்ளே இருப்பவர்களுக்குத்தான் தலைவலி. எந்த வழியில் போனாலும் முதலில் அந்த செட்டிங்கைப் பாருங்கள்.

சரி, மூன்றாவது வழி. மோட்பஸ் 1979ல் வந்தது. பாக்நெட் வேலை 1987ல் தொடங்கி 1995ல் ஆஷ்ரே என்ற அமெரிக்க ஏசி பொறியாளர் சங்கத்தின் தரமாக வெளிவந்து, 2003ல் ஐஎஸ்ஓ தரமும் ஆனது. பழசு என்று முகம் சுளிக்க வேண்டாம், பழசாக இருப்பதால்தான் எந்த கன்ட்ரோலரைத் திறந்தாலும் இரண்டில் ஒன்றாவது இருக்கிறது, தெரிந்த ஆளும் கிடைக்கிறார். கேட்வே என்பது ஒரு சின்ன இண்டஸ்ட்ரியல் கம்ப்யூட்டர். கட்டடத்தின் கன்ட்ரோலர்களை இணைக்கும் பிஎம்எஸ் நெட்வொர்க்கில் உட்கார்ந்து எண்களைப் படித்து வெளியே அனுப்பும், அவ்வளவுதான்.

ஃபில்டரை எடுத்துக்கொள்ளுங்கள். அழுத்த வித்தியாசம் இத்தனை பாஸ்கலைத் தாண்டினால் அலாரம் என்று ஒரே ஒரு எல்லையை வைத்துவிடுவது வழக்கம். விசிறிக்கு, வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் விஎஃப்டி இருக்கும் இடத்தில் அது எடுபடாது. காற்று பாதியானால் அந்த வித்தியாசம் பாதிக்கும் கீழே போய்விடும், ஆகவே அடைத்துப்போன ஃபில்டர் குறைந்த வேகத்தில் புத்தம் புதுசு போல நடிக்கும். விசிறி வேகத்தையும் கூடவே எடுத்து, அதே வேகத்தில் போன மாதம் எவ்வளவு, இந்த மாதம் எவ்வளவு என்று பார்த்தால் பொய் தெரிந்துவிடும். நாங்கள் இப்போது தேதி பார்த்து ஃபில்டர் மாற்றுவதில்லை, இதைப் பார்த்துத்தான் மாற்றுகிறோம்.

தொல்லைகளும் உண்டு. மோட்பஸில் 235 என்று வந்தால் அது 23.5 டிகிரியா என்று மேனுவலைப் பார்த்தால்தான் தெரியும். ஒரு ரிஜிஸ்டர் 16 பிட், பெரிய எண்கள் இரண்டு ரிஜிஸ்டரில் வரும், வரிசை மாறினால் மின் மீட்டர் கட்டுக்கதை சொல்லும். மாடி கன்ட்ரோலர்கள் பெரும்பாலும் ஆர்எஸ்-485 கம்பியில் 38,400 பாட் மாதிரி வேகத்தில் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருக்கும், கேட்வே எல்லா பாயிண்டையும் (கன்ட்ரோலர் தரும் ஒவ்வொரு எண்ணும் ஒரு பாயிண்ட்) சில நொடிக்கு ஒருமுறை கேட்டால் லைன் திணறி கன்ட்ரோலர்கள் ஆஃப்லைன் போக ஆரம்பிக்கும். அறை வெப்பநிலைக்கு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை போதும். மாறினால் மட்டும் சொல் என்று பாக்நெட்டில் கேட்கவும் வழி இருக்கிறது.

இவ்வளவு தொல்லையோடு இதை ஏன் எடுத்தோம் என்றால், ஒப்பந்தம் முடியும் நாளை நினைத்துத்தான். வாங்கும்போது யாரும் இதைக் கேட்பதில்லை. சேவையை நிறுத்தினால் பழைய டேட்டா யாரிடம் இருக்கும், எந்த எண் எந்த மெஷினுடையது என்ற பாயிண்ட் லிஸ்ட் யாரிடம், பாஸ்வேர்ட் யாரிடம்?

எங்கள் கட்டடத்தில் இதற்கு முன் ஒரு ஒப்பந்தக்காரரின் கண்காணிப்புச் சேவை இருந்தது. ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை, லாகின் மூடப்பட்டது. பழைய டேட்டாவைக் கேட்டதற்கு வந்தவை மாதாந்திர பிடிஎஃப் ரிப்போர்ட்டுகள், வண்ண வண்ண கிராஃப், அடியில் ஒரு சராசரி. மூல எண் ஒன்றுகூட இல்லை. அதே லோடில், அதே வெளி வெப்பத்தில், இந்த சில்லர் போன வருடத்தைவிட அதிகம் மின்சாரம் தின்கிறதா என்ற கேள்விக்கு அந்தக் கட்டுக்கட்டான பிடிஎஃபை வைத்துக்கொண்டு பதில் சொல்ல முடியாது. கண்காணிப்பு போட்டதே இந்தக் கேள்விக்காகத்தான்.

ஒப்பந்தக்காரர் நல்லவராகவே இருந்தாலும் சேவை சாகும். கூகிள் தன் ஐஓடி கோர் சேவையை 2023 ஆகஸ்டில் மூடியது, அதன்மேல் கட்டியவர்கள் எல்லாம் வேறு இடம் தேடி ஓட வேண்டியிருந்தது. அமெரிக்காவில் பெரிய செல்பேசி நிறுவனங்கள் 2022ல் 3ஜியை நிறுத்தின, 3ஜி மோடத்தை மட்டும் நம்பியிருந்த கேட்வேக்கள் வாயடைத்துப் போயின. ஒரு சில்லர் 20 வருடம் தாராளமாக ஓடும். அதன் ஆயுளில் கிளவுட் இரண்டு மூன்று தடவையாவது மாறும் என்று வைத்துக்கொண்டு திட்டமிடுவதுதான் புத்தி.

இதில் டேட்டாவைவிடப் பெரிய சொத்து பாயிண்ட் லிஸ்ட். கன்ட்ரோலருக்குள் பெயர் ஏஐ-07 என்றுதான் இருக்கும். அது மூன்றாம் மாடி ஏஎச்யூவின் சப்ளை காற்றா, ரிட்டர்ன் காற்றா என்பது கமிஷனிங் செய்த ஆளின் தலையில் இருக்கும், அவர் வேலை மாறிப் போயிருப்பார். ஒருவர் லேப்டாப் முன், ஒருவர் ஏஎச்யூ ரூமில், நடுவில் போன். சென்சாரை உள்ளங்கையில் பொத்திச் சூடேற்றி, எந்த எண் ஏறுகிறது என்று பார்த்து ஒவ்வொன்றாகப் பெயர் வைத்தோம். சலிப்பான வேலை, ஆனால் இதைச் செய்தவர் கையில் லிஸ்ட் தங்கும். வெளியாளிடம் விட்டால் அவர் சாஃப்ட்வேருக்குள்ளேயே தங்கிவிடும், அடுத்து வருபவர் மறுபடி முதலிலிருந்து தொடங்கி அதற்கும் பில் போடுவார். பெயரை எப்படி வைப்பது என்பதற்கு ஹேஸ்டாக், பிரிக் என்று பொதுவான முறைகள் இருக்கின்றன. எங்களுடையது வெறும் எக்செல் ஷீட்தான், பேனல், முகவரி, யூனிட், எந்த மெஷின், என்ன அளவு என்ற பத்திகளோடு.

கம்பெனி கிளவுடையே வாங்கினாலும் ஒப்பந்தத்தில் இவற்றை எழுதி வாங்குங்கள்: மூல எண்கள் சிஎஸ்வி கோப்பாக மாதா மாதம் நம் கைக்கு வர வேண்டும், கேட்வேயின் அட்மின் பாஸ்வேர்ட் நம்மிடம் இருக்க வேண்டும், கன்ட்ரோலர் புரோகிராமின் பேக்கப்பும் பாயிண்ட் லிஸ்ட்டும் மாற்றம் நடக்கும்போதெல்லாம் புதுப்பித்துத் தரப்பட வேண்டும். முகம் சுருங்குகிறதா என்று பாருங்கள், விற்பவரைப் பற்றி பாதி தெரிந்துவிடும்.

பாதுகாப்பு என்றதும் எல்லோரும் 2013ல் அமெரிக்காவின் டார்கெட் கடைத்தொடரில் நடந்த திருட்டைச் சொல்வார்கள், சுமார் 4 கோடி கார்டு எண்கள் போயின. ஏசி கண்காணிப்பு வழியாகப் புகுந்தார்கள் என்று அது பரவிவிட்டது. திருடப்பட்டது குளிர்சாதன ஒப்பந்தக்காரரின் லாகின் என்பது சரிதான், ஆனால் அந்த இணைப்பு பில், ஒப்பந்த வேலைகளுக்கானது என்று அந்த ஒப்பந்தக்காரரே அறிக்கை விட்டார். அதற்காக அலட்சியம் வேண்டாம். பாக்நெட் ஐபி வழக்கமாக ஓடும் 47808 போர்ட்டை இணையத்துக்குத் திறந்து வைத்தால், பழைய பாக்நெட்டில் பாஸ்வேர்ட் கேட்கும் வழக்கமே இல்லாததால், யார் வேண்டுமானாலும் உள்ளே வந்து செட்பாயிண்டை (எந்த அளவில் வைக்க வேண்டும் என்ற அமைப்பு) திருகலாம். பாக்நெட் எஸ்சி என்ற பாதுகாப்பான வடிவம் வந்துவிட்டது, ஆனால் ஏற்கெனவே சுவரில் மாட்டியிருக்கும் கன்ட்ரோலர்களுக்கு அது தானாக வராது. எங்கள் கேட்வே தானே வெளியே தொடர்புகொள்ளும், வெளியிலிருந்து யாரும் அதைத் தொடர்புகொள்ள முடியாது, கன்ட்ரோலர்களைப் படிக்க மட்டும்தான் செய்யும். தூரத்திலிருந்து செட்பாயிண்ட் மாற்றும் வசதியை இன்னும் திறக்கவில்லை, ஆகவே அதில் எந்த வழி மேல் என்று சொல்ல எனக்கு அனுபவம் போதாது.

கம்ப்ரஸர் பழுதை முன்கூட்டியே கணித்துச் சொல்வோம் என்ற கம்பெனிகளின் வாக்குறுதியிலும் அப்படியே, நான் கண்ணால் பார்த்தது இல்லை. கோளாறைத் தானே கண்டுபிடிக்கும் சாஃப்ட்வேர்களையும் வாங்கவில்லை. ஆஷ்ரே 2018ல் வெளியிட்ட கைட்லைன் 36ல் ஏஎச்யூ கோளாறு விதிகள் வரிசையாக இருக்கின்றன, அவற்றில் சிலதை மட்டும் நாங்களே எழுதிப் போட்டோம், மேலே சொன்ன ஒழுகும் வால்வு அப்படிப் பிடிபட்டதுதான்.

சில்லர் இல்லாமல், தண்ணீருக்குப் பதில் கேஸையே அறை யூனிட்டுகளுக்கு அனுப்பும் விஆர்எஃப்பில் முழுக்க ஓடும் சின்னக் கட்டடம் என்றால் நான் சொன்னதில் பாதி பொருந்தாது. டைகினின் டிஐஐஐ-நெட், மிட்சுபிஷி எலெக்ட்ரிக்கின் எம்-நெட் என்று ஒவ்வொருவரும் தனக்கென ஒரு மொழி வைத்திருப்பதால், வெளியே எண் எடுக்க எப்படியும் அவர்கள் கேட்வேயையோ அதற்கென்றே செய்த அடாப்டரையோதான் வாங்க வேண்டும். அங்கே நானும் கம்பெனி சேவையையே எடுப்பேன், அந்த சிஎஸ்வி நிபந்தனையை மட்டும் கையெழுத்துக்கு முன் போட்டுவிட்டு.